பக்கத்தில் நின்றவளுக்குச் சொல்லவில்லை

1

கனடாவில் நான் "விமானக் கம்பனியில்" வேலை செய்வதாகத்தான் என் தம்பி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். அதனால் போன முறை ஆரையம்பதிக்கு வந்தபோது ஒரு மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகனுக்குக் கட்டார் டிக்கெட் ஒன்று மலிவாக எடுத்துத் தர ஏலுமா என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் உங்கள் முன்னால் ஒரு தட்டு வைப்பார்கள் அல்லவா, குட்டிப் பாண், வெண்ணெய், நாலு இலை சலாது, ஒரு துண்டு கேக் எல்லாம் வைத்து? அந்தத் தட்டை அடுக்கும் தொழிற்சாலையில் நான் நிற்கிறேன். பெல்ட் ஓடும், தட்டு வரும், நான் பாணை வைப்பேன், எனக்குப் பக்கத்தில் நிற்கும் ஜெஸீமா வெண்ணெயை வைப்பாள். விமானத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான்.

ஜெஸீமா காத்தான்குடிக்காரி. அது முஸ்லிம் ஊர், எங்களுடையது தமிழ் ஊர். எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் கடலும் இல்லை, வாவியும் இல்லை, ஒரே வீதிதான். ஆனாலும் ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதமாகியிருக்க மாட்டோம். அவளுடைய வாப்பாவின் புடைவைக் கடையில் நான் துணி வாங்கியிருப்பேன், விலையைக் குறைக்கச் சொல்லி முகத்தைச் சுழித்திருப்பேன், அத்தோடு சரி. இரண்டு பக்கமும் வெட்டுக்குத்து நடந்த கெட்ட வருடங்களில் அதுவும் இல்லை. இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போகவில்லை, அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வரவில்லை. இங்கே எங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியவர் போலந்துக்கார மேற்பார்வையாளர். இரண்டு பேருக்கும் ஒரே பாஷை, அதனால் சண்டை வராது என்றார். பாவம், அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது.

போன வாரம் ஒரு பின்னேரம் அந்த பெல்ட் சற்று நேரம் நின்றது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அது ஏன் நின்றது என்று விளங்க, முதலில் ஒரு கமிட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2

எங்கள் மனிதவளப் பிரிவில் கிறிஸ்டின் என்றொரு பிள்ளை இருக்கிறாள். நல்ல பிள்ளை, யாரைக் கண்டாலும் சிரிப்பாள். அவளுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. இங்கே பல நாட்டவர்கள் வேலை செய்கிறார்கள், ஒவ்வொருவரும் தங்களுக்கு மதிப்பு இருக்கிறது என்று உணரவேண்டும், ஆகவே பன்முகத்தன்மைக் கமிட்டி ஒன்றை அமைத்து ஊழியர்களை அதில் ஈடுபடுத்து என்று.

கிறிஸ்டின் முதலில் சுவரொட்டி ஒட்டினாள். பல நிறத்துக் கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் படம். சூடான சமையல் பகுதியில் இருக்கும் சிங் ஐயா அதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ஒருத்தருமே கையுறை போடவில்லையே" என்றார். அடுத்ததாக எல்லோருக்கும் மின்னஞ்சல் போட்டாள். எங்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி எங்கள் பிள்ளைகளுடையது. என் மகள் துளசிக்குத்தான் அந்த அழைப்பு போனது. பிறகு ஆலோசனைப் பெட்டி ஒன்று வைத்தாள். திறந்து பார்த்தால் சுவிங்கம் சுற்றிய தாள்களும், 'மைக்ரோவேவ் வேலை செய்யவில்லை' என்று எழுதிய ஒரு துண்டும் கிடந்தன.

முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் போனோம். கிறிஸ்டின், நான், முதலுதவி வகுப்பு என்று நினைத்து வந்த ஒரு மனிதர். அவர் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, கட்டுப் போடுவது எப்போது என்று கேட்டார்.

துளசி பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் படிக்கிறாள். அவளிடம் சொன்னேன். "அம்மா, இது எல்லா இடத்திலயும் உள்ள பிரச்சினை. ஊழியர் ஈடுபாட்டுக்கென்றே எங்களுக்கு ஒரு பாடம் இருக்கு" என்றாள். அந்தப் பாடத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். ஈடுபாடு மிகவும் முக்கியம் என்று சொல்லியிருக்கிறதாம்.

3

நான் அந்தக் கமிட்டிக்குப் போனது உலகத்தை ஒன்றாக்க அல்ல. ஜெஸீமாவுக்காகப் போனேன்.

எங்கள் வேலை நேரம் பின்னேரத்தில் தொடங்கும். இடையில் இரண்டு ஓய்வு உண்டு. நோன்பு மாதத்தில் சூரியன் மறைகிற நேரம் அந்த இரண்டு ஓய்வுக்கும் நட்டநடுவில் வந்து விழுகிறது. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பவள், நேரம் வந்த பிறகும் ஓடுகிற பெல்ட்டில் வெண்ணெய் வைத்துக்கொண்டே நிற்கவேண்டும். போன நோன்பில் ஒரு நாள் பொறுக்காமல், சட்டைக் கைக்குள் வைத்திருந்த பேரீத்தம்பழம் ஒன்றை வாய்க்குள் போட்டுவிட்டாள். உணவு அடுக்கும் இடத்தில் எதையும் மெல்லக்கூடாது என்பது சட்டம். மேற்பார்வையாளர் கண்டுவிட்டார். எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இன்னுமொரு முறை நடந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவளுடைய புருஷனுக்கு முதுகு வருத்தம், நிரந்தர வேலை இல்லை. அந்த வீடு அவள் வைக்கிற வெண்ணெயில்தான் ஓடுகிறது.

"பத்து நிமிசம் பெல்ட்ட நிப்பாட்டினா வானம் இடிஞ்சா விழும்?" என்று நான் மேற்பார்வையாளரிடம் போய் என் ஆங்கிலத்தில் கேட்டேன். வானம் விழாது, ஆனால் அது தன் அதிகாரத்தில் இல்லை என்றார். யாருடைய அதிகாரத்தில்? தலைமை அலுவலகத்தின். தலைமை அலுவலகத்துக்கு யார் சொல்வது? பன்முகத்தன்மைக் கமிட்டி சொல்லலாமாம்.

அந்தக் கமிட்டியோ நாக்கு வறண்டு கிடந்தது. ஒருவரும் வராவிட்டால், ஊழியர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிக் கமிட்டியை மூடிவிடச் சொல்லிவிட்டார்களாம். கிறிஸ்டின் கண்கலங்கிச் சொன்னாள். கடைசி முயற்சியாக ஒரு விருந்து வைக்கப் போகிறாள். ஒவ்வொருவரும் தங்கள் நாட்டுச் சாப்பாடு கொண்டுவரலாம். அதற்கும் ஆட்கள் வராவிட்டால் எல்லாம் முடிந்தது. நோன்புக்கு அதிக நாள் இருக்கவில்லை.

"மூன்று தரம் மின்னஞ்சல் போட்டேன். ஏன் வருகிறார்கள் இல்லை?" என்று கேட்டாள்.

"நீ யாருக்கும் சொல்லவில்லையே, பிள்ளை" என்றேன்.

4

இதை ஊரில் உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் அக்காவின் கலியாணத்துக்கு அட்டை அடித்தோம். தங்க எழுத்து, பிள்ளையார் படம், எல்லாம் திறம். ஆனால் அட்டை வெறும் ஞாபகத்துக்குத்தான். அம்மாவும் அப்பாவும் சோடியாக வெளிக்கிட்டு, வீடு வீடாகப் போய், உட்கார்ந்து, வட்டாத் தட்டில் வைத்து நீட்டிய வெற்றிலையை எடுத்து, அதற்குப் பிறகு வாயால் சொல்லவேண்டும். அதிலும் ஒழுங்கு உண்டு. எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழி என்பதால் அம்மாவின் அண்ணன் வீடுதான் முதல். அவருக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொன்னாலும் கலியாணம் பாதி குழம்பிவிடும்.

அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி எங்கள் பக்கத்து வளவில் இருந்தார். நேரமில்லை என்று அப்பா அவருக்கு வேலிக்கு மேலால் சொல்லிவிட்டார். சித்தப்பா கலியாணத்துக்கு வந்தார். வராமல் இருந்தால் சனம் கதைக்கும். ஆனால் பந்தியில் இருக்கவில்லை. சைக்கிளைப் பந்தலுக்கு முன்னால் நிறுத்தி, அதன் மேலே ஒரு காலை ஊன்றியபடி, எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை நின்றுவிட்டுப் போனார். அப்பா மூன்று தரம் கையைப் பிடித்து இழுத்தார். "எனக்குப் பசிக்கல்ல அண்ணன்" என்ற ஒரே பதில். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மாமரம் அந்த வளவுக்குள் காயைப் போட்டால், அவர் அதைத் திருப்பி வேலிக்கு மேலால் எறிவார்.

இந்த விவரத்தை எல்லாம் கிறிஸ்டினுக்கு ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஓர் ஓய்வு நேரம் முழுக்கப் போனது. அவள் கவனமாகக் கேட்டு, "அந்த மாங்காய் என்ன ஆனது?" என்று கேட்டாள். பிறகு, "சரி, நீங்களே எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்றாள்.

5

தனியாகப் போய்ச் சொன்னால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைப்பார்கள். இவரை, அதுதான் என் வீட்டுக்காரரை, தொழிற்சாலைக்குள் விடமாட்டார்கள். ஆகவே ஒழுங்கை யோசித்தேன். அங்கே எல்லோருக்கும் மூத்தவர் பிலிப்பைன்சிலிருந்து வந்த லிண்டா. அவரைத் தாய்மாமன் இடத்தில் வைத்து முதல் அவருக்குச் சொன்னேன். பிறகு அவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு மற்றவர்களிடம் போனேன்.

இறைச்சி வெட்டும் பகுதிக்குள் போகச் சிவப்புத் தொப்பி போடவேண்டும். சமைத்த பகுதிக்கு நீலத் தொப்பி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவதென்றால் அங்கியைக் கழற்றி, கையைக் கழுவி, சப்பாத்தையும் கழுவவேண்டும். ஆட்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நானும் லிண்டாவும் மணமகள் கூறை மாற்றுவது போல உடுப்பு மாற்றினோம். லிண்டா களைத்துப்போய், "உங்கள் நாட்டில் கலியாணம் செய்து முடிக்கிறார்களா, இல்லை சொல்லியே வயதாகிவிடுமா?" என்று கேட்டார்.

சிங் ஐயாவிடம் போய், "வருகிற வெள்ளிக்கு முதல் நாள் சாப்பாடு இருக்கிறது, நீங்கள் கட்டாயம் வரவேண்டும்" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு முன்னால் யார் யாருக்குச் சொன்னீர்கள்?" என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. உலகத்தில் நாங்கள் மட்டும் இப்படி இல்லை. லிண்டாவுக்கு மட்டும்தான் என்று ஆணையிட்டுச் சொன்னேன். பொய்தான். அவர் தலையை ஆட்டி, கொண்டைக்கடலைக் கறி ஒரு பெரிய சட்டி கொண்டுவருவதாகச் சொன்னார்.

விருந்தன்று சிற்றுண்டிச்சாலையில் நிற்க இடமில்லை. வராதவர்களும் வந்தார்கள், ஒருநாளும் பேசாதவர்களும் பேசினார்கள். முதலுதவிக்கு வந்த மனிதரும் வந்தார், இந்த முறை தெரிந்தே. கிறிஸ்டின் படமெடுத்துத் தள்ளினாள். எல்லோரும் சாப்பிட்டு முடிய, "யாருக்காவது கமிட்டியிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் எழும்பி ஜெஸீமாவைத் தேடினேன். ஜெஸீமா இல்லை.

அவளுக்குப் பதிலாக நானே விஷயத்தைச் சொன்னேன். கிறிஸ்டின் குறித்துக்கொண்டாள். ஆனால் தலைமை அலுவலகம் சம்பந்தப்பட்டவர் வாயால் கேட்கவேண்டும் என்று நிற்கும், அடுத்த கூட்டத்துக்கு அவரே வரட்டும் என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜெஸீமா பெல்ட்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்று முள்ளுக்கரண்டிகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன கா, ஏன் வரல்ல?" என்று ஊர்ப் பெண்கள் கூப்பிடுகிற மாதிரி 'கா' போட்டுக் கேட்டேன்.

"எனக்குச் சொல்லல்லயே" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"நீ என்ட பக்கத்துல நிக்கிற ஆள். உனக்குமா சொல்லணும்? இந்த அலைச்சல் எல்லாம் ஆருக்காக?"

"பக்கத்துல நிக்கிற ஆளுக்குத்தான் முதல் சொல்ற, மலரக்கா. வேலிக்கு மேலாலயாச்சும் சொன்னீங்களா? சிவப்புத் தொப்பி போட்டு அங்கால போகத் தெரிஞ்சது. ஒரு அடி இஞ்சால திரும்பத் தெரியல்ல."

அந்த வேலிக் கதையை பெல்ட்டில் நின்றபடி அவளுக்குச் சொன்னவளே நான்தான். சித்தப்பாவின் சைக்கிள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

6

அடுத்த நாட்களை எப்படிச் சொல்வேன். ஜெஸீமா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டு முடித்திருப்பேன். அவள் மரியாதையாக நடந்தாள். தட்டு கோணலாக வந்தால் "எக்ஸ்கியூஸ் மீ" என்றாள். பாண் கூடையை நகர்த்திக் கொடுத்தால் "தேங்க் யூ" என்றாள். காத்தான்குடிக்காரி ஆரையம்பதிக்காரிக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்வதைவிடப் பெரிய அடி இல்லை. மேற்பார்வையாளர் மட்டும் எங்கள் பகுதி நன்றாக அமைதியாகிவிட்டது என்று பாராட்டினார்.

கூட்டம் நெருங்கியது. அவள் வராவிட்டால் பத்து நிமிடம் இல்லை. இந்த நோன்பிலும் அவள் எதையாவது மென்றால் வேலையும் இல்லை. எல்லாம் நான் ஒரு அடி திரும்பாததால்.

துளசியைக் கேட்டேன். "ஒரு மெசேஜ் போட்டு மன்னிப்புக் கேளுங்க அம்மா" என்றாள். இவள் தன்னுடைய பிறந்தநாள் சாப்பாட்டுக்கே எனக்குத் தொலைபேசி நாட்காட்டியில் அழைப்பு அனுப்புகிறவள். வருகிறேன், வரவில்லை, வரலாம் என்று மூன்று பொத்தான் இருக்கும். பெற்றவள் எந்தப் பொத்தானை அமுக்குவது? போன வருடம் கைதவறி 'வரலாம்' என்பதை அமுக்கிவிட்டேன். அவள் எனக்கு நாற்காலி போடவில்லை. பிறகு பக்கத்து மேசையிலிருந்து ஒன்றை இழுத்துத் தந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இவரை எழுப்பினேன்.

"வெளிக்கிடுங்க, ஜெஸீமா வீட்ட சொல்லப் போகணும்."

"ஆருக்குக் கலியாணம்?"

"கலியாணம் இல்ல, கமிட்டிக் கூட்டம்."

இவர் என்னை நன்றாகப் பார்த்தார். "கமிட்டிக் கூட்டத்துக்குப் புருசனும் பொஞ்சாதியும் சோடியாப் போய்ச் சொல்றதா? உனக்குப் பாண் அடுக்கி அடுக்கி மூளை பிசகிப் போயித்து" என்றார். ஆனாலும் தேய்த்த சட்டையைப் போட்டார். அவருக்கும் ஊர் அதுதானே. ஹலால் கடையில் கேக் ஒன்றும் வாழைப்பழச் சீப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டு, பனிக்குள் வழுக்கி வழுக்கிப் போனோம்.

கதவைத் திறந்தவர் ஜெஸீமாவின் புருஷன் நவாஸ். எங்கள் உடுப்பையும் கேக்கையும் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. "வாங்க வாங்க, இரிங்க" என்று உள்ளே கூட்டிப்போனார். இரண்டு ஆண்களும் ஊரில் கல்லடிப் பாலத்தடியில் பிடிக்கிற கூனி றால் முன்பு போல இருக்கிறதா இல்லையா என்று தொடங்கிவிட்டார்கள். ஜெஸீமா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிர்க் கதிரையில் நேராக உட்கார்ந்தாள். தேநீர் வரவில்லை. அது கவனிக்கவேண்டிய விஷயம்.

நான் தொண்டையைச் செருமினேன். "வாற புதன், வேலை துவங்க முந்தி, மேல் மாடிக் கூட்ட அறையில கமிட்டிக் கூட்டம் வச்சிரிக்கி. நீங்க ரெண்டு பேரும்..." இங்கே எனக்கு நவாஸை அழைக்க அதிகாரமில்லை என்பது நினைவு வந்தது. "நீ கட்டாயம் வந்து நடத்தித் தரணும்."

"ஆராருக்குச் சொல்லியிரிக்கி?"

"இன்னும் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

"லிண்டாவுக்கு?"

"இல்ல."

"சிங் ஐயாவுக்கு?"

"அவருக்கும் இல்ல. அது போன தரம். கணக்கு முடிஞ்சி. இது புதுசு. உன்னிலருந்துதான் துவங்குறன்."

ஜெஸீமா உதட்டைக் கடித்தாள். அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மனசு விட்டுப் போச்சு அக்கா. இந்த ஊருல நமக்குச் சொல்றதுக்கு வேற ஆரு இரிக்கி?" என்றாள். எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றினாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுது தீர்த்தேன். இவர் எதையும் காணவில்லை. கூனி றாலில் இருந்தார்.

7

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் திரையில் தோன்றினார். தொழிற்சாலையில் உங்களைச் சேர்த்துக்கொண்டதாக எப்போது உணர்ந்தீர்கள் என்று ஜெஸீமாவிடம் கேட்டார். ஜெஸீமா யோசித்து, "ஞாயிற்றுக்கிழமை" என்றாள். "புருஷனோடு வீட்டுக்கு வந்து சொன்னார்கள்." திரையில் இருந்தவர் குனிந்து எதையோ எழுதினார். நல்ல காலம், எல்லா மேலாளர்களும் சோடியாக வீடு வீடாகப் போகவேண்டும் என்று சுற்றறிக்கை இன்னும் வரவில்லை.

பிறகு அவள் பத்து நிமிடத்தைக் கேட்டாள். சுருக்கமாக, பயப்படாமல், தன் ஆங்கிலத்தில். "நாங்கள் விமானத்தில் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டுகிறோம். அவர்களுக்கு மேகத்துக்கு மேலேயும் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறது. எனக்கு நிலத்தில் நின்றும் கிடைக்கவில்லை" என்றாள். சிங் ஐயா மேசையில் தட்டினார்.

அனுமதி வந்தது, பரீட்சார்த்தமாக. அதற்குப் பிறகும் சிக்கல். பெல்ட்டை நிறுத்தும் நேரத்தை ஒன்றாக எழுதித் தரச் சொன்னார்கள். சூரியன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பிந்தி மறையும் என்று ஜெஸீமா சொல்ல, அதற்கும் தனி அனுமதி வேண்டுமா என்று மேற்பார்வையாளர் கிறிஸ்டினிடம் கேட்டார். கிறிஸ்டின் முதல்முறையாகச் சிரிக்காமல் ஒரு பதில் சொன்னாள். சூரியனிடமே கேட்டுக்கொள் என்றாள்.

கடைசியில் போன வாரம், நோன்பின் முதல் பின்னேரம், மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி சிவப்புப் பொத்தானில் கையை வைத்தார். பெல்ட் நின்றது.

அந்த பெல்ட் போடும் இரைச்சலைப் பற்றி நான் ஒன்றுமே எழுதவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. அது எங்களுக்குச் சத்தமாகவே இல்லாமல் போய் எத்தனையோ காலம். அதற்கு மேலால் கத்தித்தான் நாங்கள் பிள்ளைகளின் கதையையும், ஊர்ச் செத்தவீட்டுச் செய்தியையும், கறிக்கு உப்புக் கூடினதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இப்போது ஒரு சத்தமும் இல்லை. தட்டுகள் அப்படியப்படியே நின்றன. லிண்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நோன்பு நோற்கும் சோமாலியப் பெண்கள் இரண்டு பேர் கையுறையைக் கழற்றினார்கள். ஜெஸீமா சிற்றுண்டிச்சாலைப் பக்கம் போகத் திரும்பினாள்.

"ஜெஸீமா! தண்ணிய முதல் குடி கா!" என்றேன்.

தொழிற்சாலை முழுக்க அது எதிரொலித்தது. இறைச்சிப் பக்கத்தில் இருந்துகூட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஜெஸீமா திரும்பி வந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"ஏன் அக்கா கத்துறீங்க?" என்றாள். "மெதுவாக் கதைங்க. இப்ப கேக்குது."